படத்தின் இடது ஓரம்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கு நலம், தங்கள் நலமறிய ஆவல். நவம்பரில் தாங்கள் எழுதிய கடிதத்துக்கு இத்துணைக் காலம் தாழ்த்தி மறுமொழி எழுதுவதற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். சோம்பலால் அன்று. சொல்ல வேண்டியதைச் சரியான சொற்களில் அடுக்கிக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. தொலைபேசியில் அழைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தங்கள் குரல் தங்கள் அண்ணனின் குரலை அப்படியே உரித்து வைத்தது போன்றது. "அண்ணி" என்பதற்குமுன் தாங்கள் ஒருமுறை செருமுவீர்களே, அந்தச் செருமல்கூட அவருடையதே. அதைக் கேட்கும் திடம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே தாளும் மையும்.

செய்தி இதுதான். எனக்கு உயர்திறன் கொண்ட மேசைக் கணினி ஒன்று வேண்டும். தாங்களே உறுப்புகளைத் தேர்ந்து, வாங்கி, பூட்டி அனுப்பித் தர வேண்டும். அந்தத் தொழிலில் தாங்கள் இருக்கையில் பிறர் வாசலில் போய் நிற்பானேன்.

எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீரேற்று நிலையத்தில் அவர் பணியாற்றிய கடைசி நாளின் கேமராப் பதிவு, நாற்பத்தொரு நிமிடம், என்னிடம் உள்ளது. விசாரணை முடிந்ததும் முறைப்படி விண்ணப்பித்துப் பெற்றேன். மாலை நான்கு மணிக்கு மேல் அவர் மோட்டார் அறையிலிருந்து வெளியே வருகிறார். தேக்கத் தொட்டியின் விளிம்போரம் நடக்கிறார். இருபத்தாறாம் நிமிடத்தில் படியிறங்கி நீருக்குள் போகிறார். "தாமாகவே இறங்கியுள்ளார்" என்று ஒரே வரி எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். பதினேழு ஆண்டு என்னோடு வாழ்ந்தவர், அன்று காலை "சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன், கதவுத் தாழ்ப்பாளை நானே சரி பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், என்னை விட்டுத் தாமாகவே போனார் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அது உண்மையென்றால் உண்மையென்று என் கண்ணால் கண்டு ஏற்க வேண்டும்.

பதிவில் அவருடைய தோளை ஒட்டி ஒரு கறை தெரிகிறது. கேமராவின் கண்ணாடியில் விழுந்த நீர்த்துளி என்கிறார்கள். நீர்த்துளி என்றால் ஓரிடத்தில் நிற்க வேண்டும். இது அவரோடு கூடவே நடக்கிறது.

பழைய நிழற்படங்களைத் திருத்தித் தந்து பிழைப்பவள் நான் என்பது தாங்கள் அறிந்ததே. என்னிடமுள்ள கணினியிலேயே அந்தப் பதிவைப் பெரிதாக்கித் தெளிவாக்க முயன்றேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் நெஞ்சுக்கு நேரே திருப்பி வைத்தும், ஒரு நிமிடப் பதிவுக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. பத்தாம் நாள் அணைந்துவிட்டது. இனி அதனால் ஆகாது.

தங்கள் பட்டியலை எதிர்பார்க்கும்,
அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவன் எழுதுவது. நான் நலம். முதுகுவலி மட்டும் கூடவே குடியிருக்கிறது; வாடகை தருவதில்லை, காலி செய்வதும் இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். என்னோடு வேலை செய்யும் மூக்குக்கண்ணாடி போட்டவர், எங்களுக்கெல்லாம் கண்ணாடிக்காரர், எட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க இது, தமிழ் டீச்சரா?" என்றார். "எங்க அண்ணிங்க. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை" என்றேன். "அதான் தப்பில்லாம எழுதறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி, உயர்திறன் கணினியெல்லாம் சினிமாவுக்கு மாயக்காட்சி செய்கிறவர்களும், நாள் முழுக்க கேம் ஆடுகிறவர்களும் வாங்குவது. நிழற்படம் திருத்த உங்களுக்கு நடுத்தரமானது தாராளமாகப் போதும். ஆறு கோர் பிராசசர், பதினாறு ஜி.பி. ரேம், எட்டு ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு. சத்தமில்லாமல், சூடில்லாமல் பத்து வருஷம் ஓடும். ("வரைகலை அட்டை" என்று கடையில் கேட்காதீர்கள், வாழ்த்து அட்டை எடுத்துக் கொடுப்பார்கள்.)

ஒன்று சொல்ல வேண்டும். மங்கலான படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் எதுவும் இருப்பதைக் காட்டுவதில்லை. இல்லாததை ஊகித்து நிரப்புகிறது. அது வரைகிற முகத்தை நம்பி மனசைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

சரியென்றால் இந்த வாரமே பூட்டி அனுப்பிவிடுகிறேன்.

உங்கள்,
சின்னவன்


மார்ச் 3

மதிப்பிற்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

நலம். தங்கள் முதுகுவலி குறித்துக் கவலையுற்றேன். குனிந்தபடியே திருகு முடுக்குவதை விடுத்து, மேசையின் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

தங்கள் பட்டியலை மூன்று முறை படித்தேன். தாங்கள் எனக்குப் பட்டியல் தந்தீர்களா, தாலாட்டுப் பாடினீர்களா என்ற ஐயம் எழுந்தது.

எட்டு ஜி.பி. அட்டையால் ஒரு காட்சியை அந்த அளவில் முழுதாக விழுங்க இயலாது. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, பிறகு ஒட்டும். ஒட்டிய இடத்தில் தையல் தெரியும். கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு தையல் சரியாக அந்தக் கறையின்மேல் விழுகிறது. இன்னொன்று படத்தின் இடது ஓரத்தில் விழுகிறது. பத்தாண்டாக இத்தொழிலில் இருக்கும் தாங்கள் இதை அறியாமல் எழுதியிருக்க மாட்டீர்கள். மறந்திருப்பீர்கள் என்று கொள்கிறேன்.

எனக்கு வேண்டியவை: பதினாறு கோர் கொண்ட செயலி, இருபத்துநான்கு ஜி.பி. வரைகலை அட்டை, அறுபத்துநான்கு ஜி.பி. ரேம், ஆயிரம் வாட் பவர் சப்ளை. கணினியின் அன்றாடப் பயனுக்கு ஓர் எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், வேலை நடக்கையில் உருவாகும் இடைப்படங்களைக் கொட்டி வைக்கத் தனியே இன்னோர் எஸ்.எஸ்.டி. இவற்றை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க வேண்டா. நான் எழுத்துக் கூட்டியதே தையல் இயந்திரத்தின் கையேட்டை வைத்துத்தான். அன்றுமுதல் எந்தக் கையேட்டையும் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் நான் கீழே வைத்ததில்லை.

என் பட்டியலைச் சரிபார்க்க இங்குள்ள கணினிக் கடைக்கும் சென்றேன். கல்லாவில் இருந்தவர் என்னையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பையன் கேம் ஆடறதுக்காம்மா?"

"எனக்குப் பையன் இல்லை. நான்தான்."

"நீங்க கேம் ஆடுவீங்களா?"

"பட்டியலைப் படிங்க. ஆளைப் படிக்காதீங்க."

அவர் படித்தார். படிக்கப் படிக்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் எழுதிக் குடுத்தாங்களோ, வெவரமான ஆளும்மா. ஒரு ஓட்டையும் இல்லை" என்றார். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. அவரிடமே வாங்கியிருக்கலாம். ஆயினும் இது தங்கள் கையால் பூட்டப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

கடிதத்தில் அந்தக் கறையைப் பற்றித் தாங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? தாமதத்துக்கு மன்னியுங்கள். கடையில் வேலை அதிகம். நடுவில் கண்வலி வேறு. இரண்டு வாரம் திரையே பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் கேட்ட கார்டு கைக்குக் கிடைப்பது கஷ்டம். வந்தாலும் அன்றைக்கே போய்விடுகிறது. அது கிடைக்கும்வரை காத்திருப்பதைவிட, பதிவை எனக்கு அனுப்பிவிடுங்கள். இங்கே கடையில் பெரிய மிஷின்கள் இருக்கின்றன. நானே ஓட்டிப் பார்த்து, தெரிவதைப் படமாக எடுத்து அனுப்புகிறேன். உங்களுக்கு எதற்கு இந்தச் சுமை? பதிவை நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை அண்ணி. அண்ணனை வேறு விதமாக நினைத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவன்


ஏப்ரல் 30

மதிப்பிற்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

நலம். தங்கள் கண்கள் தெளிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கேட்டபடி பதிவின் நகலை ஒரு பென் டிரைவில் இட்டு, பஞ்சு சுற்றி, இத்துடன் அனுப்பியுள்ளேன். தங்கள் பெரிய இயந்திரங்கள் வேண்டா. எனக்கெனப் பூட்டும் கணினியிலேயே ஓட்டுங்கள். அது உழைப்பதைத் தாங்களும் பாருங்கள். பின்னர் அது உழைப்பதை நானும் பார்க்கிறேன். வரைகலை அட்டை கிடைக்காத கவலையும் வேண்டா. இங்குள்ள கடைக்காரர் எனக்காகச் சொல்லி வைத்து ஒன்றை வரவழைத்தார். அதையும் தனிப் பொட்டலமாக அனுப்பியுள்ளேன். பெட்டியைப் பிரிக்கையில் முத்திரையைச் சரிபாருங்கள்.

அவரை வேறு விதமாக நினைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். முயன்றேன். எந்த நினைவைத் தொட்டாலும் அதன் கடைசியில் அந்தப் படிகள் வந்து நிற்கின்றன. காலை உணவு நினைவுக்கு வந்தால், அப்போதே முடிவெடுத்திருந்தாரோ என்று தோன்றுகிறது. சிரித்தது நினைவுக்கு வந்தால், அது பொய்யோ என்று தோன்றுகிறது. தாமாகவே என்ற ஒரு சொல் பதினேழு ஆண்டையும் பின்னோக்கித் தின்றுகொண்டு வருகிறது. இதற்குமேல் விளக்க எனக்குச் சொல் இல்லை. எனக்கே சொல் இல்லை என்றால் தாங்கள் புரிந்துகொள்வீர்கள்.

அன்புடன்,
அண்ணி


மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கணினி தயார். கருப்புப் பெட்டி, முன்பக்கம் முழுக்கச் சல்லடை, மூன்று விசிறி. கார்டு ஒரு செங்கல் கனம் இருக்கிறது. தொங்கிவிடக் கூடாது என்று அடியில் சின்னத் தாங்கல் வைத்திருக்கிறேன். வயர்களையெல்லாம் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டு, "உங்க வீட்டு அலமாரியைக்கூட இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்க மாட்டீங்க" என்றார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். பூட்டிய கணினியை முழு வேகத்தில் மூன்று நாள் ஓட்டிய பிறகே கைமாற்றுவோம். பழுதாகிற உறுப்பு அந்த மூன்று நாளிலேயே பழுதாகிவிடும். அதற்கென்று சோதனை மென்பொருள் உண்டு. உங்களுக்கு உங்கள் பதிவையே ஓட்டினேன். கணினி ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

படத்தில் ஒன்றுமில்லை அண்ணி. அண்ணன் தனியாகத்தான் நடக்கிறார். கறை வெறும் கறைதான், நீர்த்துளி. முழுக்கப் பார்த்தேன். என்னை நம்புங்கள்.

நான் ஓட்டிய எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். புதுக் கணினி புதிதாகவே வரட்டும். இதை வைத்து நல்ல நல்ல படங்களாகத் திருத்துங்கள். இந்தப் பதிவை இத்தோடு விட்டுவிடுங்கள்.

சின்னவன்


ஜூன் 2

மதிப்பிற்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

நலம். கணினி பழுதின்றி வந்து சேர்ந்தது. தங்கள் கைவேலை மெச்சத்தக்கது. முன்னறையில் சன்னலுக்கு எதிர்ப்புறம் வைத்துள்ளேன். பொத்தானை அழுத்தினால் மூன்று விசிறிகளும் ஒரு மூச்சு உரக்க இழுத்துவிட்டுப் பிறகு அமைதியாகின்றன. யாரோ அறைக்குள் வந்து உட்கார்ந்ததைப் போலிருக்கிறது.

இருபத்தைந்தாம் நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து ஓட்டினேன். முன்பு ஒரு நிமிடத்துக்கே ஒன்பது நாள் கேட்ட வேலை காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை நான்குக்குள் முடிந்தது.

அது நீர்த்துளி அன்று. ஓர் ஆள். அவரைவிட உயரம். கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன. முகத்தின் இடத்தில் மட்டும் எவ்வளவு தெளிவாக்கினாலும் ஒன்றும் வரவில்லை. கணினி அவ்விடத்தை நிரப்ப மறுக்கிறது. இல்லாததை ஊகித்து நிரப்பும் என்று எழுதியிருந்தீர்கள். தொட்டியின் சுவரில் செங்கல் செங்கலாக ஊகித்தது. அவருடைய சட்டைப் பொத்தான்களை ஊகித்தது. அந்த முகத்தை மட்டும் ஊகிக்கவில்லை.

ஊகப் பிழையாகவும் இருக்கலாம் என்று நான்கு நாள் கழித்து மறுமுறை ஓட்டினேன். அதே பதிவு, அதே அளவுகள். இருபத்தாறாம் நிமிடம், பதினான்காம் நொடி. இரண்டு ஓட்டங்களிலும் அதே காட்சியை நிறுத்தித் திரையில் நூல் பிடித்து அளந்தேன். முதல் ஓட்டத்தில் அந்த ஆளுக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு விரற்கடை. இரண்டாம் ஓட்டத்தில் நான்கு விரற்கடை. இடது பக்கமாக விலகியிருக்கிறது.

இன்னொன்று. தாங்கள் அழித்தது முதன்மை எஸ்.எஸ்.டி.யை மட்டுமே. இடைப்படங்களுக்கென நான் கேட்ட இரண்டாவது எஸ்.எஸ்.டி.யில் தங்கள் மூன்று நாள் ஓட்டத்தின் படங்கள் அனைத்தும் இருக்கின்றன. கணினி பூட்டுவோர் மென்பொருள் இடைப்படங்களைக் கொட்டும் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை போலும். எல்லாப் படங்களையும் பார்த்தேன். ஒன்றுகூட முழுப் படம் அன்று. ஓட்டுவதற்கு முன்பே இடது கால்பாகத்தை வெட்டி எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பகுதியில் நிலையத்தின் கம்பிக் கதவு மட்டுமே உள்ளது.

ஒன்றுமில்லாத படத்தில் ஓரத்தை வெட்டுவானேன்? இதற்கு மட்டும் மறுமொழி எழுதினால் போதும்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அன்றைக்கு நான் கதவருகே நின்றேன். காய்ச்சலில் படுத்திருந்ததாக விசாரணையில் எழுதிக் கொடுத்தது பொய். மாத்திரை கொடுத்தனுப்பினீர்களே, அது பொய்க்காய்ச்சலுக்கு. வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. அண்ணன் போக விடமாட்டார் என்று தெரியும். வீட்டில் வைத்துச் சொல்லப் பயந்து, வேலையிடத்தில் சொல்லிவிடலாம் என்று போனேன். கதவுவரை வந்ததும் அவர் மோட்டார் அறையிலிருந்து வெளியே வந்தார்.

அவர் பேசிக்கொண்டே வந்தார் அண்ணி. போனில் பேசுகிறார் என்று நினைத்தேன். போன் மேசைமேல் இருந்ததைப் பிறகுதான் கண்டெடுத்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி இல்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துவார், பதில் கேட்பார், தலையாட்டுவார். ஒரு இடத்தில் சிரித்தார். "நிஜமாவா? இதோ வரேன், இரு" என்றார். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. படியில் கால் வைத்தபோதுகூட வீட்டுப் படி இறங்குகிற மாதிரிதான் இறங்கினார்.

நான் கூப்பிடவில்லை. நாற்பது அடி தூரம். "அண்ணா" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார். கூப்பிட வாயைத் திறந்தேன். அவர் யாரோடு பேசுகிறாரோ அதுவும் திரும்பிப் பார்க்கும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியாது. வாயை மூடிக்கொண்டேன். தண்ணீர் மூடிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஓடினேன்.

அதனால்தான் சின்ன கார்டு எழுதினேன். அதனால்தான் ஓரத்தை வெட்டினேன். நான் தள்ளவில்லை. காப்பாற்றவும் இல்லை.

நான் பார்த்தபோது அவர் பக்கத்தில் யாருமில்லை என்பது சத்தியம். உங்கள் திரையில் வருவதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. மிஷின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி ஊகிக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே கண்ணாடிக்காரர் வேறு என்னை வைத்து விளையாடுகிறார். பதினான்காம் தேதி மத்தியானம், "உங்ககூட வந்தவரை ஏன் வெளியவே நிக்க வச்சிருக்கீங்க, உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க" என்றார். "யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டேன். "நல்ல உயரமா இருக்காரே, அவரைத்தான்" என்றார். வாசலில் போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

இனிமேல் ஓட்டாதீர்கள் அண்ணி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

சின்னவன்


ஜூலை 1

மதிப்பிற்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

நலம். தங்கள் கடிதம் இருபத்தேழாம் நாள் கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி.

நானும் ஓர் உண்மை எழுத வேண்டும். கதவருகே நின்றவர் தாங்கள் என்பதை என் பழைய கணினி அணைந்துபோவதற்கு முன்பே அறிவேன். ஒரு காலை மடித்துக் கதவின் கீழ்க்கம்பியில் ஊன்றி நிற்பவர் நம் குடும்பத்தில் தாங்கள் ஒருவரே. அதற்கு இருபத்துநான்கு ஜி.பி. வேண்டியதில்லை. கணினி பூட்டத் தெரிந்தவர்கள் இவ்வூரிலும் இருக்கிறார்கள். தங்களிடம் கேட்டது, தாங்களாகவே சொல்வீர்களா என்று பார்க்கத்தான். ஐந்து மாதம் ஆயிற்று.

தாங்கள் கேட்ட அந்தச் சொற்களை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. "இதோ வரேன், இரு" என்றாரா. அப்படியென்றால் தாமாகவே என்று எழுதியது பிழை. அழைத்தது எதுவாயினும் அவர் அழைக்கப்பட்டுப் போயிருக்கிறார். என்னை விட்டுவிட எண்ணிப் போகவில்லை. தாழ்ப்பாளைச் சரிசெய்ய அன்று மாலை வந்திருப்பார். இது தெரிய வேண்டும் என்றுதான் இத்தனையும். தெரிந்தது. தெரிந்த நாளில் அழுகை வரும் என்று எண்ணியிருந்தேன், நன்றாக உறங்கினேன்.

இனித் தங்களுக்கு. மூன்றாம் முறை ஓட்டியது ஜூன் பதினான்காம் நாள். அந்த ஆளுக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு சாண். ஊகப் பிழை என்றால் இருபுறமும் தவற வேண்டும். இது ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் நடக்கிறது.

ஓட்ட வேண்டா என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் நான்காம் முறை ஓட்டினேன். ஏன் ஓட்டினேன் என்பதைத் தங்களுக்கு எழுதப் போவதில்லை.

அவர் அருகே இப்போது யாரும் இல்லை. அது கதவருகே வந்துவிட்டது. தங்களுக்குப் பின்னால், தோளுக்குமேல் குனிந்து நிற்கிறது. முந்தைய மூன்று ஓட்டங்களிலும் தங்கள் தலை நேராக இருந்தது. இதில் சற்றே சாய்ந்திருக்கிறது, சொல்வதைக் கேட்பவரைப் போல.

அங்கே தங்களோடு யாரேனும் பேசினால் மறுமொழி சொல்ல வேண்டா. எனக்கு மட்டும் எழுதுங்கள்.

அண்ணி


ஜூலை 19

சின்னவருக்கு,

நலமா என்று கேட்பது இம்முறை வழக்கத்துக்காக அன்று.

என் கடிதம் போய்ப் பதினெட்டு நாள் ஆயிற்று. தங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கணினியைத் தொடாமல் மேலே துணி போர்த்தி வைத்திருந்தேன். பதினாறாம் நாள் பொறுக்க முடியாமல் ஐந்தாம் முறை ஓட்டினேன். கம்பிக் கதவு திறந்து கிடக்கிறது. தாங்கள் அங்கே இல்லை. அதுவும் இல்லை. தேக்கத்தின் விளிம்பில் அவர் மட்டும் நடக்கிறார். அசல் பதிவைத் திறந்து ஒப்பிட வேண்டும் என்று எண்ணினேன். திறக்கவில்லை.

இன்று காலை தங்கள் கடைக்குத் தொலைபேசி செய்தேன். கண்ணாடிக்காரர் எடுத்தார்.

"சின்னவர் இருக்காருங்களா? நான் அவங்க அண்ணி பேசறேன்."

"நீங்களாம்மா? உங்க லெட்டரைப் பத்தி அடிக்கடி சொல்வாரு. இப்பத்தாம்மா கெளம்பினாங்க, ரெண்டு பேரும்."

"இன்னொருத்தர் யாரு?"

"பேரு தெரியாதுங்க. ஒரு மாசமா தினம் வர்றாரு. மொதல்ல வாசல்ல நிப்பாரு, இப்பல்லாம் உள்ளயே வந்துடறாரு. உங்க சொந்தக்காரர்னு நினைச்சேன்."

"எங்கே போறதா சொன்னாங்க?"

"சொல்லலீங்க. சின்னவரு ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சுப் பேசிக்கிட்டே போனாரும்மா. நான் கூப்பிட்டேன். காதுல விழல போல."

திரும்பி வந்ததும் என்னை அழைக்கச் சொல்லுங்கள் என்றேன். குரலைக் கேட்க இயலாது என்று முன்பு எழுதியதைப் பொருட்படுத்த வேண்டா. மாலை ஐந்து மணிவரை தொலைபேசியின் அருகிலேயே இருந்தேன். இப்போது அஞ்சல் பெட்டியிலிருந்து கடிதங்களை எடுக்கும் நேரம்.

கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன். இனி ஓட்ட மாட்டேன்.

இக்கடிதம் கிடைத்ததும் உடனே பதில் எழுதுங்கள்.

அண்ணி